அஸர் வரை எரிந்த அடுப்பு

எங்கள் மலையூரான பாலாருத்துக்கு வரும் ஒரே பாதையைப் பனிச்சரிவு மூடி இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்குக் காலையில் சனவ்பர் ஃபோன் பாறைக்கு ஏறினாள். எங்கள் ஊரில் அந்தப் பாறையைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடையாது. முழங்கால் அளவு பனியில் முக்கால் மணி நேரம் ஏறி, பாறையின் கிழக்கு மூலையில் ஒட்டி நின்றால் இரண்டு கோடு வரும். வாரத்துக்கு ஒருமுறை ஏறி, ரஷ்யாவில் பெர்ம் நகரத்தில் கட்டட வேலை பார்க்கும் தன் கணவன் இஸ்மத்தோடு பேசிவிட்டு இறங்குவாள்.

நடந்ததில் பாதியை அவளே எனக்குச் சொன்னாள். மீதியை அவள் பக்கத்து வீட்டு ஹோஜர் சொன்னாள்.

ஃபோனை எடுத்தது இஸ்மத் இல்லை. ஹோஜரின் மகன் ஷவ்கத். இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை, ஒரே அறையில்தான் தங்கல்.

"அண்ணி, நீங்களா?"

"நான்தான். அவர்கிட்ட குடு, சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு."

"பக்கத்துல யாராவது இருக்காங்களா அண்ணி?"

"இந்தக் குளிர்ல இங்க யாருடா இருப்பா? அவர்கிட்ட குடு."

அவன் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சனவ்பர் பாறையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மத்தியானம் அண்ணி. கூரைமேல பனி வாரிக்கிட்டிருந்தாரு. நான் கீழ கயித்தைப் புடிச்சிருந்தேன். கயிறு கைல இருக்கு, ஆளு கீழ வந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள மவுத்தாயிட்டாரு."

சனவ்பர் என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஷவ்கத் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து உடலை விமானத்தில் அனுப்பப் போகிறார்கள், பாதை திறக்கிற வரைக்கும் தலைநகர் துஷான்பேயில் வைத்திருப்பார்கள் என்றான்.

"உங்க மாமாகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க அண்ணி?"

"நான் சொல்லிக்கிறேன். ஷவ்கத், இன்னிக்கு வேற யாரு ஃபோன் பண்ணாலும் சொல்லாத. சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் சொல்லாத. என் பிள்ளைங்க மேல ஆணை."

"எதுக்கு அண்ணி?"

பதில் சொல்வதற்குள் ஃபோன் அணைந்துவிட்டது.

அவள் உடனே இறங்கவில்லை. பனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாளாம். எத்தனை நேரம் என்று தெரியாது. எழுந்தபோது புருவமெல்லாம் உறைந்திருந்தது. கீழே, புகைபோக்கியில் புகையே இல்லாமல், அவள் வீடு தெரிந்தது.

அந்த வீட்டில் அவளைத் தவிர ஐந்து பேர். மாமனார் நஸ்ருல்லோவுக்கு எழுபது வயது, நெஞ்சுச்சளி விடவில்லை. மூத்த மகள் பரஸ்து, பதிமூன்று வயது. சின்னவள் பிபிசோரோவுக்கு ஆறு. இஸ்மத்தின் தங்கை ரைஹோன் தலைப்பிரசவத்துக்கு வந்தவள், பாதை மூடியதால் இங்கேயே பெற்றுவிட்டாள். குழந்தைக்குப் பன்னிரண்டு நாள்.

நான்கு நாளாக அந்த வீட்டில் எல்லாரும் காய்ந்த ரொட்டியைக் கறுப்புத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க அதே கதிதான். ரைஹோனுக்குப் பால் சுண்டிப்போயிருந்தது. முந்தின நாள் குழந்தை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்து, ஒன்றும் வராமல் அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. உத்தரத்தில் இரண்டு கை அளவு உப்புக்கண்டம் தொங்கியது. ஒரு துண்டு செம்மறியாட்டு வால்கொழுப்பு, கொண்டைக்கடலை, மண்ணுக்குள் புதைத்த கொஞ்சம் கேரட்டும் டர்னிப்பும் இருந்தன. பாதை எப்போது திறக்குமோ என்று சனவ்பர் அதைத் தொடாமல் வைத்திருந்தாள். முந்தின இரவுதான் ரைஹோனுக்காகக் கொஞ்சம் கடலையை மட்டும் ஊறப்போட்டிருந்தாள்.

மவுத்தான வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். மற்ற வருஷங்களில் கொண்டுவந்து குவிப்பார்கள். இந்தக் குளிரில் யாரிடம் என்ன இருந்தது? போன வாரம் ஷரீஃப் தாத்தா போனபோது, அந்த வீட்டுக்கு மூன்று நாளும் வந்தது ரொட்டியும் தேநீரும்தான்.

சொல்லிவிட்டால் அடுப்பு மூன்று நாள் கிடையாது. மூன்று நாளில் அந்தக் குழந்தை போய்விடும். அண்ணன் செத்த செய்தி கேட்டால் ரைஹோனுக்கு இருக்கிற சொட்டுப் பாலும் வற்றிவிடும். பாறையிலிருந்து இறங்கும்போது சனவ்பர் இதை யோசித்தாள் என்று சொல்ல முடியாது. "யோசிக்கல. காலு பாட்டுக்கு இறங்குச்சு, மனசுல கடலை ஊறப்போட்டிருக்கேன்ங்கறது மட்டும் ஓடிச்சு" என்றாள் என்னிடம்.

பாதி வழியில் எதிரே ஹோஜர் ஏறி வந்துகொண்டிருந்தாள். தலையில் இரண்டு சால்வை, கையில் ஃபோன்.

எங்கள் ஊரில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் ஹோஜரிடம் சொன்னால் போதும். சாவு வீட்டில் ஒப்பாரியை எடுப்பவளும் அவள்தான்.

"என்னடி, முகமெல்லாம் வெந்துபோயிருக்கு? அழுதியா? புருஷன் திட்டினானா, இல்ல கொஞ்சினானா?"

"குளிருக்கா. கண்ணுல தண்ணியா வருது."

"எம்புள்ளையைப் பாத்துக்கறானாமா? ஒழுங்கா சாப்பிடறானாமா? அவன் ஒரு சோம்பேறி, உன் புருஷன்தான் அவனை மேய்ச்சுக்கிட்டு இருக்கான்."

சனவ்பர் வழியை மறித்து நின்றாள். "சிக்னல் சரியில்லக்கா. நாளைக்கு ஏறுங்க."

"இவ்வளவு தூரம் ஏறிட்டேன், இன்னும் என்ன நாளைக்கு? தள்ளுடி."

தள்ளித்தான் நின்றாள். வேறென்ன செய்ய முடியும்? ஹோஜர் மேலே போய்ச் சேர அரைமணி, பேசிவிட்டு இறங்க ஒரு மணி. அதற்குள் சாப்பாடு எல்லார் வயிற்றிலும் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் கறி வேகாது. உப்புக்கண்டம் இரண்டரை மணி நேரம் கேட்கும். அவள் விழுந்தும் எழுந்தும் கீழே ஓடினாள்.

வீட்டில் எல்லாரும் சந்தலி என்கிற கணப்பு மேசையைச் சுற்றி, ஒரே ரஜாய்ப் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதன் அடியில் இருந்த கங்கும் சாம்பலாகியிருந்தது.

"இஸ்மத் என்ன சொன்னான்மா?" என்று கேட்டார் நஸ்ருல்லோ.

"நல்லா இருக்காராம் மாமா. உங்க சளியைப் பத்திக் கேட்டாரு." சொல்லிக்கொண்டே திரும்பி உத்தரத்துக் கயிற்றை அவிழ்த்தாள். "எல்லாருக்கும் இன்னிக்கு ஷூர்பா வெச்சுக் குடுன்னு சொன்னாரு. ரைஹோனுக்குக் கறி போட்டுக் குடுக்கணுமாம்."

"அண்ணனா சொன்னாங்க?" ரைஹோன் சிரித்துவிட்டாள். "அவருக்கு எப்பத்துலேருந்து இந்த அக்கறை? சின்ன வயசுல என் தட்டுலேருந்து எலும்பைப் புடுங்கித் தின்ன ஆளு."

கிழவர் மட்டும் முகம் சுளித்தார். "எல்லாத்தையும் இன்னிக்கே போட்டுட்டா நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம் மாமா."

அடுப்பில் கொப்பரையை ஏற்றினாள். வறட்டி எட்டுதான் மிச்சம். அது தண்ணீர் சுடுவதற்கே போதாது. விறகுக் கொட்டகையில் ஒரு சுள்ளிகூட இல்லை. சுவரோரம் துணி போர்த்தி, நான்கு ஜன்னல் சட்டங்கள் சாய்ந்திருந்தன. போன கோடையில் வந்தபோது இஸ்மத் வாதுமை மரத்தில் இழைத்துச் செய்தது. அடுத்த முறை வரும்போது மகள்களுக்கு ஒரு அறை கட்டுவேன், அதில் பொருத்துவேன் என்று வைத்துவிட்டுப் போயிருந்தான்.

சனவ்பர் கோடாலியை எடுத்தாள்.

முதல் அடியின் சத்தம் கேட்டுப் பரஸ்து ஓடி வந்தாள். "அம்மா! என்ன பண்ற நீ? அது அப்பா செஞ்சது!"

"தெரியும். தள்ளி நில்லு, சிராய் தெறிக்கும்."

"எங்க ரூமுக்கு வெச்சது அது! அப்பா வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"அப்பா வேற செஞ்சுக்குவாரு."

அந்தப் பொய்யைச் சொன்னபோது கோடாலி கையிலிருந்து நழுவியது. பரஸ்து அம்மாவையே பார்த்தாள். பிறகு வெட்டிய துண்டுகளை மடியில் அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

காய்ந்த வாதுமை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வால்கொழுப்பை நறுக்கிப் போட்டு உருக்கினாள். ஒரே ஒரு வெங்காயம் இருந்தது, அதை வதக்கினாள். நான்கு நாளாகக் கொழுப்பு வாசனையே இல்லாமல் கிடந்த வீடு அது. பிபிசோரோ ரஜாயை உதறிவிட்டு அடுப்பருகே வந்து மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கறியைப் போட்டுப் பிரட்டி, ஊறின கடலையைக் கொட்டி, பனியை உருக்கிய தண்ணீரை ஊற்றி மூடினாள். பிறகு கேரட்டும் டர்னிப்பும் நறுக்க உட்கார்ந்தாள்.

"அந்த ஒன்றரை மணி நேரத்தை எப்படி ஓட்டினேன்னு கேக்காதீங்க" என்றாள் பின்னால். ஒவ்வொரு நிமிஷமும் வாசலைப் பார்த்தாள். நடுநடுவே மூடியைத் திறந்து கறியைக் குத்திப் பார்ப்பாள், கல் மாதிரி இருக்கும். அடுப்பில் அடுத்த சட்டத்தை வைப்பாள். ஒரு தடவை, மூடியைத் திறந்தபோது வந்த ஆவியில் முகத்தைக் காட்டி அப்படியே அழுதாள். ஆவி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அண்ணி, இங்க வந்து உக்காருங்களேன். பரஸ்து பாத்துக்குவா" என்றாள் ரைஹோன்.

"வேணாம், அடி புடிச்சிடும்."

கடைசிச் சட்டம் எரிந்துகொண்டிருந்தபோது வாசலில் பனியை உதறும் சத்தம் கேட்டது. சனவ்பர் கரண்டியோடு எழுந்து நின்றாள். கதவு திறந்தது. ஹோஜர்.

ஷவ்கத் வாக்கைக் காப்பாற்றவில்லை. அம்மாவின் குரலைக் கேட்டதுமே உடைந்துவிட்டான். ஹோஜரின் சால்வை தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது. வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. பாறையிலிருந்து ஓட்டமாக வந்திருக்கிறாள், வழியில் வேறு எந்த வீட்டிலும் நுழையாமல்.

அவள் கண்ணில் முதலில் பட்டது கொப்பரை. அதிலிருந்து எழுந்த ஆவி. பிறகு தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்த சின்னப் பெண். பிறகு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ நல்ல நாள் மாதிரி முகமலர்ந்து உட்கார்ந்திருந்த ரைஹோன். கடைசியாக சனவ்பர். சனவ்பர் தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினாள். வேண்டாம் என்று.

"எனக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு" என்றாள் ஹோஜர் என்னிடம். "அவளுக்குத் தெரியும்னு அப்பதான் புரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்டே கறி வேக வெச்சுக்கிட்டு நிக்கறா. நான் எத்தனை சாவு வீட்டுல கத்தியிருக்கேன். ஆனா அந்த நிமிஷம் கத்தாம இருக்கறதுக்கு நாக்கைக் கடிச்சேன் பாருங்க, ரத்தமே வந்துடுச்சு."

"என்ன ஹோஜர், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற? உள்ள வா, கதவைச் சாத்து" என்றார் நஸ்ருல்லோ. "மகன்கிட்ட பேசினியா?"

"பேசினேண்ணே."

"நல்லா இருக்கானா?"

"இருக்கான்." குரல் தேய்ந்தது. பிறகு, அவளுக்கே எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, "வாசனை புடிச்சுக்கிட்டே வந்தேன். ஒரு வீட்டுல கறி வேகுது, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடணும்னு தோணுதா பாருங்க உங்க மருமகளுக்கு" என்றாள்.

கிழவர் சிரித்தார். சந்தலியில் இடம் விட்டார்.

கறி முழுசாக வேகவில்லை. ஆனாலும் இனி விறகு இல்லை. சனவ்பர் இறக்கினாள். கேரட் குழைந்து, கடலை வெடித்து, மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதந்தது. பெரிய துண்டு எல்லாம் ரைஹோனுக்கு. மாமனாருக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்தாள். பிள்ளைகள் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார்கள். வீடு முழுக்க உறிஞ்சும் சத்தம்தான். கிழவருக்கு மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது, சால்வையால் துடைத்துத் துடைத்துக் குடித்து, இன்னும் கொண்டா என்று கிண்ணத்தை நீட்டினார்.

"நீங்க சாப்பிடலையே அண்ணி?" என்றாள் ரைஹோன்.

"பசிக்கல."

"நாலு நாளா தின்னாதவங்களுக்குப் பசிக்கலையாம். நீங்க சாப்பிடாட்டி நானும் கிண்ணத்தைக் கீழ வெச்சுடுவேன்."

ஹோஜர் ஒரு கிண்ணத்தை நிரப்பி அவள் கையில் திணித்தாள். சனவ்பர் குடித்தாள். அதுதான் அவளால் இன்றுவரை ஆறமுடியாத இடம். தொண்டையில் நிற்கும், உமட்டும் என்று பயந்தாளாம். அப்படி ஒன்றும் ஆகவில்லை. சூடு நெஞ்சில் இறங்கியதும் உடம்பு இன்னும் கேட்டது. ருசியாக இருந்தது. அவர் அங்கே கிடக்கிறார், இங்கே எனக்கு ருசிக்கிறது என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது கிண்ணமும் குடித்தாள்.

ரைஹோன் இரண்டு கிண்ணம் முடித்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து குழந்தையை மார்பில் வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றுமில்லை. சனவ்பர் மறுபடியும் கிண்ணத்தை ஊற்றிக் கொடுத்தாள். "குடி, இன்னும் குடி." அரைமணி கழித்துக் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. நிறைய இல்லை, ஆனால் விழுங்கியது.

அஸர் நேரம் நெருங்கியது. நஸ்ருல்லோ சாப்பாட்டு விரிப்பின் முன் இரண்டு கையையும் ஏந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள்.

"அல்லாஹ், இந்த உணவுக்கு நன்றி. பாதையைத் திறந்துவிடு. தூரத்துல இருக்கற என் மகனுக்கு நீண்ட ஆயுளைக் குடு, அவன் கையையும் காலையும் பத்திரமா..."

ஹோஜரால் தாங்க முடியவில்லை. ஏந்திய கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கிழவர் நிறுத்தினார். கை அப்படியே நின்றது.

"என்ன?"

சனவ்பர் அவர் முன்னால் வந்து மண்டியிட்டாள். "மாமா, நேத்து மத்தியானம் கூரையிலேருந்து விழுந்துட்டாரு. அவர் இல்ல மாமா."

பிறகு அந்த வீட்டில் எழுந்த ஓலம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். நான் போனபோது நஸ்ருல்லோ நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. சனவ்பரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையில."

"காலையில." கீழே கிடந்த கிண்ணத்தைப் பார்த்தார். "எம்பிள்ளை செத்துக் கிடக்கறான், என்னைக் கறி தின்ன வெச்சுட்டியே. இன்னும் கொண்டா, இன்னும் கொண்டான்னு கேட்டேனே."

வெளியே போய்ப் பனியை அள்ளி அள்ளி வாய்க்குள் போட்டுத் துப்பினார். இரண்டு பேர் பிடித்து உள்ளே அழைத்து வந்தோம். பிறகு மேலங்கிமேல் இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு, துக்க வீட்டு ஆண்கள் நிற்கிறபடி வாசலில் போய் நின்றார். மூன்று நாளும் அங்கேயே நின்றார். மருமகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பரஸ்து பேசினாள். அதைக் கேட்டவள் ஹோஜர்தான். அழுது ஓய்ந்து மூலையில் கிடந்தவள் தலையைத் தூக்கி, "அப்பா வேற செஞ்சுக்குவாருன்னு சொன்னியே" என்றாள்.

மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. பதினோரு வீடுகளிலிருந்து வந்தது ரொட்டி, தேநீர், ஒருநாள் ஒரு கிண்ணம் வெந்த மொச்சை. ரைஹோன் அண்ணனுக்காக மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், குழந்தை அழுதால் எடுத்துப் பால் கொடுத்தாள். இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. ஆனால் வற்றவில்லை. நான்காம் நாள் என் மனைவி போய் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்தாள்.

பெண்கள் பேசத்தான் செய்தார்கள். புருஷன் செத்தது தெரிஞ்சு வெங்காயம் வதக்கினவ, நெஞ்சா அது, கல்லு என்றார்கள். ஹோஜர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊற்றடியில் சண்டைக்கு நின்றாள். "நானும்தான் தின்னேன். எலும்பைக்கூட விடல. திட்டறதுன்னா என்னையும் சேர்த்துத் திட்டுங்கடி!" ரைஹோன்கூட ஒருநாள் நன்றி சொல்வாள், இன்னொருநாள் "எனக்கு ஏன் அண்ணி சொல்லல? எங்கண்ணன் இல்லியா?" என்று கேட்டு அழுவாள்.

பாதை மூடிய முப்பத்திரண்டாம் நாள் திறந்தது. இஸ்மத்தை சறுக்குவண்டியில் இழுத்து வந்தோம். தகரப் பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், திறக்கவில்லை. ரைஹோனின் கணவன் வந்து அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போனான்.

மவுத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதியபோதும் கிழவர் மருமகள் கையால் வாங்கிச் சாப்பிடவில்லை, அவளோடு பேசவும் இல்லை. பரஸ்துதான் தட்டைக் கொண்டுபோய் வைப்பாள்.

ஏப்ரலில் பனி உருகி நிலம் தெரிந்தது. அவர்களுடைய மேட்டு நிலத்தில் சரிவோடு வந்த பாறை ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. நஸ்ருல்லோ கடப்பாரையோடு காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சனவ்பர் நிலத்தின் மறுகோடியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் என் வாய்க்காலில் இருந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவே நல்ல தூரம்.

உச்சிப்பொழுதில் கிழவர் கடப்பாரையைக் கீழே போட்டார். இருமினார். அவள் பக்கம் திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"ஒத்தையில நகராது. வந்து அந்தப் பக்கம் புடிம்மா."

அவள் பொறுக்கிய கற்களை அப்படியே போட்டுவிட்டு, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வந்தாள். இரண்டு பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். முதல் தடவை நகரவில்லை.